திருத்தந்தை வருமுன்பும் சென்ற பின்பும்

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2024 செப்டெம்பர் 6ஆம் திகதி மாலை பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியில் வந்திறங்கியபோது, அந்த வருகைக்காகப் பல மாதங்களாக உழைத்துக்கொண்டிருந்தவர்களுள் எங்கள் குடும்பத்தவர் இருவரும் இருந்தார்கள். ஒருவர் என் பெரியம்மாவின் மூத்த மகள். மற்றவர் அவருடைய கணவர். இலங்கையின் மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையின் மகளாகப் பிறந்த அக்கா, தாதியாகத் தொழில் பார்த்து, திருமணத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் குடியேறி, அங்கேயே ஓய்வுபெற்றவர். அத்தான் கணக்காளராக இருந்தவர். பிள்ளைகள் தத்தம் குடும்பங்களோடு நிலைபெற்ற பிறகு, அறுபது வயதைக் கடந்திருந்த அவர்கள் இருவரும், சம்பளம் எதுவும் வாங்காத, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலை மறைப்பணியாளர்களாகப் பசிபிக் தீவொன்றுக்குச் செல்லச் சம்மதித்தார்கள். அவர்கள் அங்கே போனது திருத்தந்தையின் வருகைக்காக அல்ல. ஒரு பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஆலயச் சமூகத்தின், மருந்தகத்தையும் கணக்குப் புத்தகங்களையும் கவனித்துக்கொள்வதற்காகத்தான். திருத்தந்தை வருகிறார் என்ற செய்தி வந்தபோது, பங்கில் ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களாக இருந்தபடியால், அந்தப் பொறுப்புகளும் அவர்கள் தலையில் வந்து சேர்ந்தன.

ஹட்டன் பகுதியில் எங்கள் பங்குக்கு உட்பட்ட தோட்டத்து ஆலயங்களுக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயர் வருகை தரும்போதெல்லாம், அதற்கான ஒழுங்குகளில் நானும் என் மனைவியும் பல வருடங்களாக ஈடுபட்டு வருகிறோம். ஆகவே அக்கா வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய விவரங்களை, வெறுமனே உறவினர் நலம் விசாரிப்பாக என்னால் கேட்க முடியவில்லை. குரு இல்லாத வேளைகளில் செபமும் மறைக்கல்வியும் நடத்துகின்ற எங்கள் மலையகத்து உபதேசியார்களையும், ஆலயப் பொறுப்பாளர்களான மூப்பர்களையும் ஒவ்வொரு விவரத்திலும் கண்டேன். பெரிய வருகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையைப் பற்றி எழுதுகிறார்கள். மேடைக்கு இப்பால் நின்று உழைத்த முதியவர்களைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டெம்பர் 2 முதல் 13 வரை இந்தோனேசியா, பப்புவா நியூ கினி, கிழக்குத் திமோர், சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளுக்கு அவர் மேற்கொண்ட அந்தப் பயணம்தான் அவருடைய காலத்திலேயே மிக நீண்ட வெளிநாட்டுப் பயணமாகும். 2020இல் நடக்க வேண்டியிருந்த அது கொரோனாப் பெருந்தொற்றினால் தள்ளிப்போனது. 2024இல் அவர் புறப்பட்டபோது அவருக்கு வயது 87. சக்கர நாற்காலியில்தான் நடமாடினார். 7ஆம் திகதி போர்ட் மோர்ஸ்பியில் தெருச் சிறுவர்களையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சந்தித்த பிறகு, சகாய அன்னை திருத்தலத்தில் ஆயர்கள், குருக்கள், துறவியர், உபதேசியார்கள் ஆகியோரைச் சந்தித்தார். 8ஆம் திகதி காலை சேர் ஜோன் கைஸ் விளையாட்டரங்கில் நடந்த திருப்பலியில் ஏறத்தாழ 35,000 பேர் கலந்துகொண்டதாக அதிகாரிகள் கூறினார்கள். அன்று பிற்பகலே அவுஸ்திரேலிய விமானப்படையின் சரக்கு விமானமொன்றில் ஏறி, நாட்டின் வடமேற்கு மூலையில் இந்தோனேசிய எல்லைக்கு அண்மையிலுள்ள வனிமோ என்ற சிற்றூருக்குப் போனார். ஏறத்தாழ ஒரு தொன் மருந்துகளும் உடைகளும் விளையாட்டுப் பொருட்களும் அவரோடு போயின. அங்கே பாரோ என்ற கிராமத்தில், அவருடைய தாய்நாடான ஆர்ஜென்டினாவிலிருந்து வந்து பணிபுரியும் மறைப்பணியாளர்களைச் சந்தித்தார். அங்குள்ள பள்ளியில் படிக்கும் காட்டுப்புறத்துப் பிள்ளைகள் அவருக்கு வயலின் வாசித்துக் காட்டினார்கள்.

இவையெல்லாம் தொலைக்காட்சியில் வந்தவை. அக்கா சொன்னவை வேறு.

பப்புவா நியூ கினியின் தலைநகரிலிருந்து அந்நாட்டின் மலைப்பிரதேசங்களுக்கோ வடக்குக் கரையோரத்துக்கோ தரைவழிப் பாதை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், அல்லது கடலோரமாகப் படகில் வர வேண்டும், இரண்டுக்கும் வசதி இல்லாதவர்கள் நாட்கணக்கில் நடந்துவர வேண்டும். அப்படி நடந்தே வந்தவர்கள் இருந்தார்கள் என்று செய்திகளிலும் படித்தோம். எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்ற நாடு அது. வெவ்வேறு மாகாணத்தவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்குப் பொது மொழியாக டொக் பிசின் என்ற மொழி இருக்கிறது. அக்கா அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டுதான் மருந்தகத்தில் அமர்ந்தார். வந்திறங்கும் யாத்திரிகர்களைப் பங்கு மண்டபங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் தங்கவைக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜனவரி 10ஆம் திகதிதான் அந்நகரத்தில் பெரிய கலவரம் நடந்து கடைகள் எரிக்கப்பட்டிருந்தன. மலைப்பகுதிகளில் இனக்குழுக்களுக்கிடையிலான சண்டைகளும் ஓயவில்லை. எனவே எந்த ஊரவரை எந்த மண்டபத்தில் தங்கவைப்பது, எந்த இரண்டு ஊரவரை அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் மிகுந்த யோசனையோடு செய்ய வேண்டிய காரியமாக இருந்தது. அந்த யோசனையைச் சொன்னவர்கள் அலுவலகத்தில் இருந்த இளைஞர்கள் அல்லர், அந்தப் பங்கின் வயதான உபதேசியார்கள் என்று அக்கா சொன்னார். யாருடைய பாட்டன் யாரோடு பகைத்தான், யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்ததாம்.

அத்தானுக்குக் களஞ்சியம். அரிசி, தகரத்தில் அடைத்த மீன், தண்ணீர்ப் போத்தல், பாய், சவர்க்காரம் என்று யார் எதைக் கொடுத்தாலும் பெயரும் அளவும் எழுதி, எந்த மண்டபத்துக்கு எவ்வளவு போனது என்பதையும் எழுதி, அன்றாடம் இரவு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். அந்நாட்டு நாணயமான கீனாவில் ஒரு காசுகூடக் கணக்கில் விடுபடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததைச் சிலர் கடிந்துகொண்டதாகவும் கேள்விப்பட்டேன். ஆனால் ஏழைகள் தங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசுக்குக் கணக்கு வைப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருப்பலி நடந்த அன்று அக்கா முதலுதவிக் கூடாரத்தில் இருந்தார். விடியுமுன்பே அரங்கத்துக்கு வந்து, வெயில் ஏறும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்த முதிய பெண்கள் பலர் மயங்கினார்கள். கழிப்பறைக்குப் போனால் இடம் பறிபோய்விடும் என்ற பயத்தில் அவர்கள் தண்ணீரைத் தொடாமலிருந்ததை அக்கா முதலாவது ஆள் வந்தபோதே புரிந்துகொண்டாராம். உடனே இரண்டு இளம் பெண்களை அனுப்பி, வரிசை வரிசையாகப் போய், எழுந்து போகிறவரின் இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் காக்க வேண்டும் என்று சொல்லச் செய்தார். அதற்குப் பிறகு தண்ணீர்ப் போத்தல்கள் தாமாகவே காலியாகத் தொடங்கின. நம் ஊரில் ஜீவனி கரைத்துக் கொடுப்போமே, அதுபோலக் கரைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, கோப்பை கோப்பையாகப் புகட்டிக்கொண்டிருந்தபோதுதான் திருத்தந்தை அரங்கைச் சுற்றி வந்தார். கூடாரத்துத் துணி மறைத்ததால் அவரைப் பார்க்க முடியவில்லை. "சத்தம் கேட்டுச்சு தம்பி, அது போதும். என் மடியில படுத்திருந்த பாட்டிக்கு அப்பதான் கண் திறந்துச்சு" என்றார்.

அந்தப் பாட்டி மவுண்ட் ஹேகன் பக்கத்தவர். அந்த மலைகளிலும் தேயிலை விளைகிறது என்பதை அக்கா அங்கே போன பிறகுதான் அறிந்துகொண்டாராம். கொழுந்து எடுத்துப் பழகிய விரல்களைத் தன் தாய்வழி உறவுகளிடம் பார்த்து வளர்ந்தவர், அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து நாடி பார்த்தபோதே இது கொழுந்தெடுத்த கை என்று சொல்லிவிட்டதாகவும், அதன் பிறகு அந்த அம்மாள் அக்காவை விட்டு அகலவே இல்லை என்றும் சொன்னார்.

9ஆம் திகதி திருத்தந்தை அதே அரங்கில் இளைஞர்களைச் சந்தித்துவிட்டுக் கிழக்குத் திமோரின் தலைநகரான திலிக்குப் புறப்பட்டார். செய்தியாளர்களும் புறப்பட்டார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் அதன் பிறகுதான் வேலை கூடியது. படகுக்காகவும் விமானத்துக்காகவும் காத்திருந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விரிப்புகளைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். மண்டபத்தில் காய்ச்சலோடு படுத்துவிட்ட முதியவர் ஒருவருக்கு மலேரியாவா என்று இரத்தம் பார்த்து, மருந்து கொடுத்து, நடமாடும் நிலைக்குக் கொண்டுவந்து ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வருகைக்கு வந்து போகிற தொண்டர்களால் இதைச் செய்ய முடியாது. அங்கேயே தங்கியிருக்கிறவர்களால்தான் முடியும். வயதான மறைப்பணியாளர்களின் பெரிய பலம் இதுதான் என்பது என் எண்ணம். அவர்களுக்கு அடுத்த நாள் கந்தோருக்குப் போக வேண்டிய அவசரம் இல்லை, பதவி உயர்வைப் பற்றிய நினைப்பு இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கவலை இல்லை. உடம்பில் பலம் குறைந்திருக்கலாம். ஆனால் இருப்பதற்கு நேரம் இருக்கிறது.

பசிபிக் தீவுகளின் திருச்சபை உபதேசியார்களின் தோளில் வளர்ந்தது. அதற்குச் சான்றாக நிற்பவர் பீட்டர் டொ ரொட். 1912இல் நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரகுனாய் கிராமத்தில் பிறந்து, 1933இல் உபதேசியாராகி, 1936இல் திருமணம் செய்து, பிள்ளைகளோடு வாழ்ந்த குடும்பத்தவர் அவர். 1942இல் ஜப்பானியப் படைகள் அந்தத் தீவைப் பிடித்துக் குருக்களைச் சிறைவைத்தபோது, செபக் கூட்டங்களை நடத்தியும் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தும் நோயாளிகளைச் சந்தித்தும் அந்த மக்களை அவர் ஒன்றாக வைத்திருந்தார். படையினர் பலதார மணத்தை மீண்டும் அனுமதித்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்காகக் கைதுசெய்யப்பட்டு 1945 ஜூலையில் சிறையிலேயே கொல்லப்பட்டார். 1995 ஜனவரி 17ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போர்ட் மோர்ஸ்பியில் வைத்து அவரை, புனிதர் நிலைக்கு முந்திய படியான முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். கடந்த 2025 ஒக்டோபர் 19ஆம் திகதி திருத்தந்தை பதினான்காம் லியோ உரோமையில் அவரைப் புனிதராக உயர்த்தினார். பப்புவா நியூ கினிக்கு அவரே முதற்புனிதர்.

1995ஆம் வருடத்து அந்தப் பயணத்தை நம் நாட்டவர் மறந்திருக்க முடியாது. போர்ட் மோர்ஸ்பியில் உபதேசியாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்த அதே திருத்தந்தை, சிட்னி வழியாகக் கொழும்புக்கு வந்து, நான்கு நாட்கள் கழித்து, ஜனவரி 21ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதற்கு முன்பும் ஒருமுறை பசிபிக் தீவுகளும் இலங்கையும் ஒரே பயணத்தில் இணைந்திருக்கின்றன. 1970 நவம்பர் இறுதியில் சமோவாத் தீவுக்குப் போன திருத்தந்தை ஆறாம் பவுல், அவுஸ்திரேலியா, இந்தோனேசியா, ஹொங்கொங் என்று பயணித்து, டிசெம்பர் 4ஆம் திகதி உரோமைக்குத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார். எங்கள் தந்தையார் தோட்டத்து உபதேசியாராக இருந்தவர். 1995இல் ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் தம் ஆலயத்தவர்களைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனார். குருவின் காலடி படாத ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த அவரைப் போன்றவர்களுக்கு, அந்த வாரத்தில் திருத்தந்தை உயர்த்திய இருவருமே மிக நெருக்கமானவர்கள்.

ஏனென்றால் யோசப் வாஸ் அடிகளாரின் கதையிலும் இதே செய்தி இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அவர், 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்து, அங்கே முதலில் கைதியாக வைக்கப்பட்டார். பிற்பாடு மன்னரின் ஆதரவைப் பெற்று, 1697இல் கண்டியைப் பெரியம்மை வாட்டியபோது கைவிடப்பட்ட நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். ஆனால் அவர் வருவதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகக் குருவே இல்லாத இடங்களில் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமார்களுமாகிய பொதுநிலையினர்தான். அவர் வந்து கதவைத் தட்டியபோது திறக்க ஆட்கள் இருந்ததற்கு அவர்களே காரணம். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த காலிமுகத்திடல் திருப்பலிக்கு எங்கள் பங்கிலிருந்து பஸ்களில் போனபோது, இரவு முழுவதும் திடலில் விழித்திருந்து எங்கள் கூட்டத்தைக் காத்தவர்களும் அறுபதைத் தாண்டியவர்களாகவே இருந்தார்கள்.

ஆயர் ஒருவர் தோட்டத்து ஆலயத்துக்கு வருவதற்கு எத்தனை காரியங்கள் நடக்க வேண்டும் என்பதை வெளியிலிருப்பவர்கள் அறியமாட்டார்கள். சென்ற முறை எங்கள் மேல் டிவிசன் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க ஆயர் வருவதாக இருந்தது. வேலை நாளொன்றின் காலை வேளையில் திருப்பலியை வைக்கலாம் என்று இளைஞர் குழு தீர்மானித்திருந்தது. ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் எழுந்து, காலையில் வைத்தால் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைப் பதிவும் சம்பளமும், போய்விடும், அரைப்பேரோடு வருகிறவர்கள் திருப்பலி முழுவதும் அந்தக் கவலையோடுதான் நிற்பார்கள், பின்னேரக் கொழுந்தை எடை போட்ட பிறகு வைத்தால் எல்லாரும் குளித்துவிட்டு மனநிறைவோடு வருவார்கள் என்று சொன்னார். பங்குத்தந்தை அந்த நிமிடமே நேரத்தை மாற்றினார். நன்றாகப் படித்த எங்கள் பிள்ளைகள் ஒலிபெருக்கியையும் பதாகையையும் கைப்பேசி நேரலையையும் சிறப்பாகக் கவனித்தார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் பேர் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதைப் காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் பல வருடங்கள் நின்றவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருகைக்காக ஓய்வுபெற்ற டிஸ்பென்சர் ஐயா செய்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் லயம் லயமாகக் கோடு போட்டு, படுக்கையில் கிடப்பவர்களின் பெயர், வயது, என்ன நோய், கதவு எந்தப் பக்கம், படி எத்தனை, நாய் உண்டா, பார்க்க வருவதை வீட்டார் விரும்புகிறார்களா என்பதையெல்லாம் பென்சிலால் எழுதினார். சிலர் தங்கள் நிலையை ஆயர் பார்ப்பதை விரும்பமாட்டார்கள், அவர்களை வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னார். மழை பெய்து பாசி பிடித்திருந்த கற்படிகளில் வெற்றுச் சாக்குகளை விரித்து, மேலே மணல் தூவி, தம்முடைய ஊன்றுகோலாலேயே ஒவ்வொரு படியையும் அழுத்திப் பார்த்தார். ஆயரும் வயதானவர் என்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வராமலிருந்தபோது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதோடு, முருகன் கோயில் தலைவரிடம் தாமே நேரில் போய் அழைப்புச் சொன்னார். அதனால்தான் கோயில் கமிட்டியார் தப்பு மேளமும் மாலையுமாகச் சந்தியில் வந்து நின்று ஆயரை வரவேற்றார்கள்.

என் மனைவியின் வேலை, வருகை முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆயர் சந்தித்த வீடுகளுக்கு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவர் போவார். ஆயரிடம் அவர்கள் சொன்ன குறைகளில் பங்கினால் தீர்க்கக்கூடியவை எவை, தோட்ட நிர்வாகத்திடமோ பிரதேச செயலகத்திடமோ கொண்டுபோக வேண்டியவை எவை என்று பிரித்து எழுதிக்கொண்டு வருவார். ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போன பிறகு எவருமே எட்டிப் பார்க்காமல் போனால், அந்த வீட்டில் முன்பிருந்ததைவிட அதிகமான தனிமைதான் மிஞ்சும் என்பார். அக்கா போர்ட் மோர்ஸ்பியில் காய்ச்சல்காரப் பெரியவரோடு இருந்ததை நான் சொன்னபோது, அவருக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை.

மலையகத்தில் இன்று ஓய்வூதியத்தோடு வீட்டிலிருக்கும் ஆசிரியர்களும் தபால் ஊழியர்களும் தாதியரும் தோட்ட உத்தியோகத்தர்களும் எங்கள் பெற்றோரின் தலைமுறையில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். எங்கள் தலைமுறைதான் படித்து லயத்திலிருந்து வெளியே வந்த தலைமுறை. அவர்களிற் பலர் காலையில் பத்திரிகை, மாலையில் பேரப்பிள்ளை என்று நாட்களைக் கழிக்கிறார்கள். ஆலயத்தில் அவர்களுக்கு மரியாதை இருக்கிறது, முன்வரிசையில் இருக்கை இருக்கிறது, விழாவில் பொன்னாடை இருக்கிறது. பொறுப்பு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இது சரியல்ல. முதியவர்களை ஓரமாக உட்காரவைத்துக் கௌரவிப்பது, அவர்களிடமிருந்து திருச்சபை பெறக்கூடியதை வேண்டாமென்று சொல்வதற்குச் சமம். பசிபிக்கில் அக்காவையும் அத்தானையும் போன்ற ஓய்வுபெற்ற தம்பதியர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலம் குறித்து, இன்ன பங்கில் இன்ன வேலை என்று எழுத்தில் பெற்று, அங்கேயே தங்கிப் பணிசெய்கிறார்கள். ஹட்டனில் வீடு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர், குருவானவர் மாதத்தில் ஒருமுறை மட்டும் போகிற மேல் தோட்டங்களில் அதே முறையில் ஒரு வருடம் தங்கினால், பிள்ளைகளின் மறைக்கல்வியும் நோயாளர் சந்திப்பும் மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழ் எடுப்பது முதல் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பது வரை எத்தனையோ காரியங்கள் நடக்கும். மூட்டுவலியும் நீரிழிவும் உள்ளவர்களை மலையேற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாதவர்களுக்குக் கீழே கணக்கும் கடிதமும் இருக்கின்றன. முடிந்தவர்களை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

இதை நான் பங்குச் சபையில் எழுத்து மூலம் முன்வைத்திருக்கிறேன். பங்குத்தந்தை ஆதரவாகவே பேசினார். தங்குமிடத்துக்காகத் தோட்ட நிர்வாகத்திடம் காலியாக உள்ள உத்தியோகத்தர் விடுதி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். டிஸ்பென்சர் ஐயா தம்முடைய சீ.ஆர். கொப்பியைப் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டார். அக்காவும் அத்தானும் அடுத்த விடுமுறைக்கு டிக்கோயாவுக்கு வரும்போது, விருப்பமுள்ள தம்பதியரை ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டி அவர்களோடு பேசவைக்க இருக்கிறோம். முதலாவது பெயர்களாக எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்திருக்கிறோம்.